தங்குமிடம், சாப்பாடு, பெயர்ப் பட்டியல்: ஜெர்மனியில் அறிஞர் மாநாடுகள் வளர்ந்த கதை

ஜெர்மனியில் நடக்கும் ஒரு மாநாட்டுக்குச் செல்லும் பேராசிரியருக்கோ ஆய்வு மாணவருக்கோ முதலில் வந்து சேர்வது இரண்டு மூன்று பக்கத் தகவல் தாள்தான். எந்த ரயில் நிலையத்தில் இறங்க வேண்டும், அறைச் சாவியை எங்கே வாங்க வேண்டும், மதிய உணவு எத்தனை மணிக்கு, விசாவுக்கான அழைப்புக் கடிதத்தை யாரிடம் கேட்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் முன்கூட்டியே என்ன வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். மாநாடு முடிந்ததும் அது குப்பைக்குப் போய்விடும்.

ஆனால் அந்தத் தாளுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. யார் வரலாம், எங்கே தங்கலாம், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், வந்தவரின் பெயரை வெளியே சொல்லலாமா ஆகிய கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்திலும் அந்த நாடு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லியிருக்கிறது. சில காலங்களில் அந்தப் பதில் உயிர் போகும் விஷயமாகவும் இருந்தது.

பெயர் சொல்ல அஞ்சிய விருந்தினர்கள்

1815-க்குப் பிறகு ஜெர்மனி என்பது ஒரே நாடு அல்ல. 39 அரசுகள் சேர்ந்த ஒரு தளர்வான கூட்டமைப்பு. பிரெஞ்சு அறிஞர்கள் சந்தித்துக்கொள்ள பாரிஸ் இருந்தது, ஆங்கிலேயர்களுக்கு லண்டன் இருந்தது. ஜெர்மன் அறிஞர்களோ சின்னச் சின்னப் பல்கலைக்கழக ஊர்களில் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் எழுதிய நூலை மற்றவர் படித்திருப்பார், கடுமையாகத் திட்டி மறுப்பும் எழுதியிருப்பார். ஆனால் வாழ்நாளில் ஒரு முறைகூட இருவரும் நேரில் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

இதை மாற்ற நினைத்தவர் லோரன்ஸ் ஓகென். இவர் யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 'இசிஸ்' என்ற இதழை நடத்தி வந்தார். அதில் அறிவியலோடு அரசியலையும் துணிந்து எழுதினார். 1819-இல் எழுத்தாளர் கோட்சபுவை ஒரு மாணவன் கொலை செய்ததைக் காரணம் காட்டி, கூட்டமைப்பின் அரசுகள் கார்ல்ஸ்பாட் ஆணைகளைக் கொண்டுவந்தன. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. பல்கலைக்கழகங்கள் கண்காணிக்கப்பட்டன. இதழை விடுகிறாயா, வேலையை விடுகிறாயா என்ற நிலை வந்தபோது ஓகென் வேலையை இழந்தார், இதழை விடவில்லை.

அந்தச் சூழ்நிலையில்தான் 1822 செப்டம்பர் 18 அன்று லைப்சிக் நகரில் 'ஜெர்மன் இயற்கை ஆய்வாளர்கள் மற்றும் மருத்துவர்கள் சங்கம்' தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் 1815-இல் தொடங்கியிருந்த இதேபோன்ற சங்கம் ஓகெனுக்கு முன்மாதிரியாக இருந்தது. லைப்சிக்கிற்கு வந்தவர்கள் மிகச் சிலரே. பலர் ஒன்றுகூடுவதே சந்தேகத்துக்கு இடமாக இருந்த காலம் அது. ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர்களின் பெயர்களை வெளியிடக்கூட முடியவில்லை. 1861-இல் ஷ்பேயர் நகரில் நடந்த கூட்டத்தில்தான், அதாவது 39 ஆண்டுகள் கழித்துத்தான், அந்தப் பெயர்களைச் சொல்ல முடிந்தது. மருத்துவ மேதை ருடால்ஃப் ஃபிர்ஹோ 1877-இல் மியூனிக் கூட்டத்தில் பேசும்போது இதை நினைவுபடுத்தினார்.

இந்தச் சங்கத்தின் விதிகள் கவனிக்கத்தக்கவை. ஜெர்மனியின் இயற்கை ஆய்வாளர்களும் மருத்துவர்களும் ஒருவரையொருவர் நேரில் அறிந்துகொள்ள வாய்ப்பு ஏற்படுத்துவதே முதன்மை நோக்கம் என்று விதியிலேயே எழுதினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பது, பரிசு கொடுப்பது என்றெல்லாம் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. இத்துறைகளில் நூல் எழுதியவர்கள் உறுப்பினராகலாம். பட்டத்துக்காக எழுதிய ஆய்வேடு மட்டும் போதாது. ஆவணக் காப்பைத் தவிர சங்கத்துக்கு வேறு சொத்து கிடையாது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 18-இல் கூட்டம் தொடங்கும், ஆனால் ஊர் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த ஊரில் வசிக்கும் இருவர் அந்த ஆண்டுக்குப் பொறுப்பேற்பார்கள்.

ஊர் மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற இந்த விதிதான் மாநாட்டுத் தகவல் தாளுக்குப் பிள்ளையார் சுழி எனலாம். ஆண்டுதோறும் புது ஊர் என்றால், ஆண்டுதோறும் வருபவர்களுக்கு அந்த ஊரில் எதுவும் தெரியாது. வழி சொல்லவும் ஜாகை பார்த்துக் கொடுக்கவும் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யவும் உள்ளூரில் ஒருவர் வேண்டும். கல்யாண வீட்டில் வெளியூர்க்காரர்களைக் கவனிக்க ஒருவரை நிறுத்துவது போலத்தான் இதுவும்.

பெர்லின், 1828

ஆறு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. பாரிஸில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு 1827-இல் பெர்லின் திரும்பியிருந்தார் அலெக்ஸாண்டர் ஃபொன் ஹும்போல்ட். தென் அமெரிக்கப் பயணத்தால் உலகப் புகழ் பெற்றவர், பிரஷ்ய அரசருக்கு நெருக்கமானவர். 1828 கூட்டத்துக்கு அவரும் விலங்கியல் அறிஞர் மார்ட்டின் லிச்டென்ஸ்டைனும் பொறுப்பேற்றார்கள். அரசருக்கு வேண்டியவரே அழைக்கும்போது வருவதற்கு யார் பயப்படுவார்கள்? பல நூறு பேர் வந்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் பெயரை மறைத்துக் கூடிய அதே சங்கத்தின் பங்கேற்பாளர் பட்டியல், இந்த முறை அவரவர் கையெழுத்தின் நகலோடு அச்சாகி வெளிவந்தது.

கூட்டம் 'சிங் அகாடமி' என்ற இசை மன்றத்தின் புதிய மண்டபத்தில் தொடங்கியது. அன்று மாலை நாடக அரங்கின் இசை மண்டபத்தில் ஹும்போல்ட் பெரிய விருந்து ஒன்று கொடுத்தார். அரச குடும்பத்தாரும் அமைச்சர்களும் அறிஞர்களோடு கலந்துகொண்டார்கள். அதற்கென்றே ஒரு வரவேற்பு இசைக்கோவையை 19 வயது ஃபெலிக்ஸ் மெண்டல்சன் அமைத்துக் கொடுத்தார். எல்லோரும் எல்லாவற்றையும் கேட்பது என்பதை மாற்றி, தாவரவியலுக்குத் தனி, வேதியியலுக்குத் தனி என்று பிரிவுகளாக அமர்ந்து பேசும் முறையும் பெர்லினில்தான் அறிமுகமானது. இன்று உலகம் முழுவதும் மாநாடுகளில் ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடப்பதற்கு இது முன்னோடி.

ஆனால் பெர்லின் கூட்டத்தின் மிகப் பெரிய பலன் மேடையில் விளையவில்லை. கோட்டிங்கனில் இருந்த கணித மேதை கவுஸ் பயணத்தை விரும்பாதவர். அவரை வரவழைக்க ஹும்போல்ட் ஒரு வழி கண்டுபிடித்தார். தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று அழைத்தார். கவுஸும் வந்து சுமார் மூன்று வாரங்கள் தங்கினார். அங்கே வில்ஹெல்ம் வேபர் என்ற இளம் இயற்பியலாளரின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. 1831-இல் வேபர் கோட்டிங்கனுக்குப் பேராசிரியராக வந்தார். 1833-இல் இருவரும் சேர்ந்து ஆய்வுக்கூடத்துக்கும் வானாய்வுக் கூடத்துக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து மின் தந்தி அனுப்பினார்கள். பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் பணியிலும் இருவரும் இணைந்தார்கள். கவுஸ் ஒரு சத்திரத்தில் இடம் தேடிக்கொள்ள வேண்டியிருந்தால் அவர் பெர்லின் பக்கமே வந்திருக்க மாட்டார் என்று நினைக்க இடமிருக்கிறது.

அதே மாநாட்டுக்கு அழைப்பில்லாத ஒரு விருந்தாளியும் வந்திருந்தார். வார்சா பல்கலைக்கழகத்தின் விலங்கியல் பேராசிரியர் யாரோட்ஸ்கி தன்னுடன் 18 வயது இளைஞர் ஒருவரை அழைத்து வந்தார். குதிரைகள் இழுக்கும் தபால் வண்டியில் வந்து சத்திரத்தில் தங்கிய அந்த இளைஞருக்கு விலங்கியலில் அக்கறை இல்லை. பெர்லின் ஆபராவைக் கேட்கத்தான் வந்தார். விருந்து மேசையில் அறிஞர்களுக்கு நடுவே உட்கார்ந்தவர், அவர்களைக் கேலிச்சித்திரமாக வரைந்து வீட்டுக்குக் கடிதம் எழுதினார். மெண்டல்சனைத் தூரத்திலிருந்து பார்த்தும் கூச்சத்தால் போய்ப் பேசவில்லை. அந்த இளைஞர் ஃபிரெடெரிக் ஷோபான்.

இங்கிலாந்திலிருந்து வந்திருந்த சார்லஸ் பாபேஜ் இந்தக் கூட்டத்தைப் பற்றி ஊர் திரும்பி விரிவாக எழுதினார். 1831-இல் யார்க் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கம் தோன்ற அதுவும் ஒரு தூண்டுதல். இத்தாலிய அறிஞர்களும் 1839-இல் பீசா நகரில் இதே பாணியில் முதன்முதலாகக் கூடினார்கள்.

ஊருக்கு ஊர் வேறு காசு, வேறு மணி

மாநாடு பெரிதானாலும் பயணம் எளிதாக இல்லை. 1831-இல் வியன்னாவில் கூட வேண்டிய கூட்டம் காலரா பரவியதால் ஓராண்டு தள்ளிப்போனது. ஜெர்மனியில் முதல் ரயில் ஓடியதே 1835-இல்தான், அதுவும் நியூரம்பெர்க்கிலிருந்து பக்கத்து ஊரான ஃபியூர்த் வரைக்கும்தான். ஓர் அரசிலிருந்து மற்றொன்றுக்குப் போகச் சுங்கச் சாவடி, கடவுச்சீட்டுச் சோதனை எல்லாம் உண்டு. 1834-இல் சுங்க ஒன்றியம் வந்த பிறகு பெட்டியைத் திறந்து காட்டும் தொல்லை குறைந்தது. 1867-இல் வட ஜெர்மன் கூட்டமைப்பு கடவுச்சீட்டுக் கட்டாயத்தை நீக்கியது.

பணமும் ஒரே மாதிரி இல்லை. வடக்கே தாலர், தெற்கே கில்டர். ஒரு தாலருக்கு ஒன்றே முக்கால் கில்டர் என்று கணக்குப் போட வேண்டும். மார்க் நாணயம் நாடு முழுவதும் ஒரே செலாவணியானது 1876-இல்தான்.

எல்லாவற்றையும்விட வேடிக்கை நேரம். ஒவ்வோர் ஊரும் சூரியனை வைத்துத் தன் மணியைத் தானே வைத்துக்கொண்டது. பெர்லின் மணிக்கும் மியூனிக் மணிக்கும் ஏழு நிமிட வித்தியாசம் இருந்தது. மாநாட்டு அட்டவணையில் பத்து மணி என்றால் எந்த ஊர்ப் பத்து மணி என்று வெளியூர்க்காரர் யோசிக்க வேண்டும். 1893 ஏப்ரல் 1 முதல்தான் ஜெர்மனி முழுவதற்கும் ஒரே நேரம் சட்டமானது.

இத்தனைக்கும் நடுவே நகரங்கள் மாநாட்டை நடத்தப் போட்டி போட்டன. கூட்டத்துக்கென நாளிதழ் போன்ற அறிக்கைத் தாள் அச்சிட்டார்கள். நகரத்தின் மருத்துவமனைகள், குடிநீர், மண் வகை, தாவரங்கள், ஆய்வுக்கூடங்கள் பற்றித் தனி நூலே தயாரித்து விருந்தினர்களுக்குப் பரிசாகக் கொடுக்கும் வழக்கமும் வந்தது. ஹாம்பர்க் 1876-இலும் பெர்லின் 1886-இலும் வெளியிட்ட நூல்கள் அந்த நகரங்களைப் பற்றிய நல்ல ஆவணங்களாக இன்றும் இருக்கின்றன.

1904 ஆகஸ்டில் ஹைடெல்பெர்கில் மூன்றாவது உலகக் கணித மாநாடு நடந்தபோது 336 பேர் வந்தார்கள். அங்கே ஹங்கேரியைச் சேர்ந்த யூலியஸ் கூனிக், கான்டரின் கணக் கோட்பாட்டின் அடிப்படையையே அசைக்கும் ஒரு நிரூபணத்தை முன்வைத்துப் பரபரப்பை உண்டாக்கினார். அந்த விவாதம் மாநாட்டோடு முடியவில்லை. ஹில்பெர்ட், ஷோன்ஃப்லீஸ், ஹவுஸ்டோர்ஃப் முதலியோர் விடுமுறைக்குச் சென்ற சுவிஸ் மலையூரான வெங்கனில் கான்டருடன் சந்தித்துப் பேச்சைத் தொடர்ந்தார்கள். நிரூபணத்தில் பிழை இருப்பது விரைவிலேயே தெரிந்தது.

வரக்கூடாதவர்கள்

முதல் உலகப் போர் இந்த விருந்தோம்பலை முறித்தது. 1914-இல் கடவுச்சீட்டுச் சோதனை திரும்பி வந்தது. போருக்குப் பின் 1919-இல் அமைந்த சர்வதேச ஆராய்ச்சிக் கவுன்சில் ஜெர்மானியர்களை ஒதுக்கி வைத்தது. 1920-இல் ஸ்ட்ராஸ்பூர்கிலும் 1924-இல் டொராண்டோவிலும் நடந்த உலகக் கணித மாநாடுகளுக்கு அவர்கள் அழைக்கப்படவில்லை. 1928-இல் பொலோனா மாநாட்டுக்குத்தான் ஹில்பெர்ட் தலைமையில் ஒரு பெரிய ஜெர்மன் குழு மீண்டும் சென்றது.

வெளியே இப்படி என்றால் உள்ளே அதைவிட மோசம். 1922-இல் ஓகெனின் சங்கம் தன் நூற்றாண்டை லைப்சிக்கிலேயே கொண்டாடியது. முக்கியப் பேச்சாளர்களில் ஒருவர் ஐன்ஸ்டைன். ஆனால் அந்த ஜூன் 24 அன்று யூதரான வெளியுறவு அமைச்சர் வால்ட்டர் ராத்தனாவ் பெர்லின் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த குறி ஐன்ஸ்டைன் என்று எச்சரிக்கைகள் வந்தன. அவர் மாநாட்டுக்கு வர இயலாது என்று மாக்ஸ் பிளாங்குக்கு எழுதிவிட்டார். அவருக்குப் பதிலாக மாக்ஸ் ஃபொன் லாவே சார்பியல் பற்றிப் பேசினார். சார்பியலை எதிர்ப்பவர்கள் அங்கே துண்டுப் பிரசுரம் விநியோகித்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் பெயரை மறைத்துக்கொண்டு வந்தார்கள். இப்போது உலகமே அறிந்த பெயர் என்பதாலேயே ஒருவரால் வர முடியவில்லை.

1933 ஏப்ரல் 7 அன்று வந்த அரசு ஊழியர் சட்டம் யூதப் பேராசிரியர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியது. கோட்டிங்கனில் மட்டும் எம்மி நோதர், ரிச்சர்ட் கூரண்ட், மாக்ஸ் போர்ன் என்று வரிசையாகப் பதவி இழந்தார்கள். வெங்கனில் கான்டரோடு கூடிப் பேசிய ஹவுஸ்டோர்ஃப், முகாமுக்கு அனுப்பப்பட இருந்த நிலையில், 1942 ஜனவரியில் பான் நகரில் மனைவியோடும் மனைவியின் சகோதரியோடும் தற்கொலை செய்துகொண்டார். விருந்தினரை வரவேற்பதற்குப் பேர்போன நாடு, தன் வீட்டு மனிதர்களையே வெளியே தள்ளியது.

கருங்காட்டில் ஒரு வீடு

1944 செப்டம்பரில், போர் முடியும் தறுவாயில், கருங்காட்டுப் பகுதியில் ஓபர்வோல்ஃபாக் என்ற சிற்றூரில் 'லோரன்ஸன்ஹோஃப்' என்ற மாளிகையில் ஒரு கணித ஆய்வு நிலையம் தொடங்கியது. தொடங்கியவர் வில்ஹெல்ம் சூஸ். நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர், அந்த ஆட்சியின் ஆதரவோடுதான் இதை அமைத்தார்.

1946-இல் அந்த வீட்டுக்கு ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தார். அவர் ஆன்றி கார்ட்டான், கணித அறிஞர். அவருடைய தம்பி லூயி ஓர் இயற்பியலாளர். நாஜிக்களுக்கு எதிரான இயக்கத்தில் இருந்ததற்காக 1943 டிசம்பரில் ஜெர்மனியில் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். அந்த மரணம் நடந்து மூன்று ஆண்டுகளில், அண்ணன் ஜெர்மனிக்கு வந்து, போருக்கு முன் தன் நண்பராக இருந்த ஹைன்ரிஷ் பேன்கெயை ஓபர்வோல்ஃபாக்கில் மீண்டும் சந்தித்தார். பிரெஞ்சு, ஜெர்மன் கணித உறவு மறுபடி துளிர்த்ததில் இந்தச் சந்திப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

பின்னாளில் ஓபர்வோல்ஃபாக் உலகக் கணித அறிஞர்களின் புண்ணியத் தலம் போலானது. 1967-இல் புதிய விருந்தினர் இல்லமும் 1975-இல் நூலக, அரங்கக் கட்டடமும் வந்தன. அங்கே சாப்பாட்டு மேசைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவர் பெயரும் எழுதிய துணிக் கைக்குட்டை உறை ஒன்று இருக்கும். ஒவ்வொரு வேளையும் பணியாளர்கள் அவற்றைக் கலைத்து வெவ்வேறு இடத்தில் வைத்துவிடுவார்கள். தன் பெயர் இருக்கும் இடத்தில்தான் உட்கார வேண்டும். உலகப் புகழ் பெற்ற பேராசிரியருக்குப் பக்கத்தில் நேற்று முனைவர் பட்டம் வாங்கிய பெண் உட்காருவார். ஒரே நாட்டவர் ஒன்றாகக் குழுமிக்கொள்ள முடியாது. புதன்கிழமை பிற்பகல் உரைகள் இல்லை, எல்லோரும் மலைப்பாதையில் நடந்து போய் கேக் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். 1990-இல் சார்லாந்து மாநிலத்தில் கணினி அறிவியலுக்காகத் தொடங்கிய டாக்ஷ்டூல் மையமும் இதேபோல் சாப்பாட்டு இருக்கைகளைக் கலைத்துப் போடும் வழக்கத்தை வைத்திருக்கிறது.

ஒருவரையொருவர் நேரில் அறிய வேண்டும் என்று 1822-இல் எழுதிய விதியைத்தான் இந்தக் கைக்குட்டை உறைகள் நிறைவேற்றுகின்றன.

சுவரின் இரு புறமும்

1949-இல் நாடு இரண்டானபோது மாநாட்டுப் பயணம் மறுபடி சிக்கலானது. 1961-இல் பெர்லின் சுவர் எழுந்த பின் கிழக்கிலிருந்து மேற்கே போக அரசு அனுமதி வேண்டும், அது சிலருக்கே கிடைத்தது. மேற்கிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு விசாவோடு இன்னொரு செலவும் வந்தது. 1964 முதல் குறிப்பிட்ட தொகையைக் கிழக்கு ஜெர்மன் பணமாகக் கட்டாயம் மாற்ற வேண்டும். 1980-இல் அது நாளொன்றுக்கு 25 மார்க் ஆனது. ஹாலே நகரிலிருந்த பழமையான லியோபோல்டினா அகாடமியின் கூட்டங்கள் இரு பகுதி அறிஞர்களும் சந்திக்கக் கிடைத்த சில வாய்ப்புகளில் ஒன்றாக இருந்தன.

நாடு ஒன்றான பின், 1998 ஆகஸ்டில் உலகக் கணித மாநாடு பெர்லினுக்கு வந்தது. ஹைடெல்பெர்குக்குப் பிறகு 94 ஆண்டுகள் கழித்து ஜெர்மன் மண்ணில் நடந்த மாநாடு அது. வழக்கமான விருதுகள், உரைகள் எல்லாம் இருந்தன. அவற்றோடு, நாஜிக் காலத்தில் பெர்லினிலிருந்து துரத்தப்பட்ட கணித அறிஞர்களைப் பற்றிய கண்காட்சி ஒன்றும் வைக்கப்பட்டது. அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் உயிரோடிருந்த சிலரைச் சிறப்பு விருந்தினர்களாக அழைத்திருந்தார்கள். ஒரு காலத்தில் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்ட பெயர்கள் மறுபடி பட்டியலில் ஏறின.

இன்றைய தகவல் தாள்

ஓகெனின் சங்கம் இன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தன் இருநூறாவது ஆண்டை லைப்சிக்கில் கொண்டாடியது. ஓகென் கடைசியில் சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். 1833-இல் சூரிக் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார், 1851-இல் அங்கேயே இறந்தார்.

இன்று ஜெர்மனிக்கு மாநாட்டுக்குப் போகிறவருக்கு வரும் தகவல் தாளில் இந்த வரலாற்றின் தடயங்களைப் பார்க்கலாம். ஞாயிறு விடுமுறை என்பது 1919 அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு 1949 அடிப்படைச் சட்டத்திலும் அப்படியே தொடர்வது. ரயில் அட்டவணையில் ஒரே மணி என்பது 1893-இல் வந்தது. ஒரே பணம் என்பது 1876-இல் மார்க்காகத் தொடங்கி 2002 முதல் யூரோ நோட்டும் நாணயமுமாகப் புழங்குவது. விசா விண்ணப்பம் என்பது 1914-இல் திரும்பி வந்த கடவுச்சீட்டுச் சோதனையின் தொடர்ச்சி. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வரும் பல இளம் ஆய்வாளர்களுக்கு அழைப்புக் கடிதம் கையில் இருந்தும் விசா நேரத்துக்குக் கிடைக்காமல் போவதுண்டு. அட்டவணையில் அவர்கள் பெயர் அச்சாகியிருக்கும், ஆனால் இருக்கை காலியாக இருக்கும்.

எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கட்டுரைகள் படிக்கப்பட்டன என்று மாநாடுகளை அளப்பது வழக்கம். அதோடு, வர விரும்பியும் வர முடியாமல் போனவர்கள் யார் என்ற கணக்கையும் பார்த்தால் அந்தந்தக் காலத்து ஜெர்மனியின் நிலை இன்னும் தெளிவாகத் தெரியும்.